“பரவாயில்ல மிஸ்” – நோயாளர் சொல்லும் தாதியர் ஆய்வும்: வாசகர் கேள்வி பதில்

நோயாளரும் குடும்பத்தாரும் சொல்வதை வைத்துத் தாதியர் செய்யும் ஆய்வுகள் பற்றி இலங்கை மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு கேள்விகளை இந்த இதழில் எடுத்திருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். ஆஸ்பத்திரிகளின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

கே: அம்மா ஐந்து நாள் வார்டில் இருந்தார். டிக்கட் வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று ஒரு மிஸ் (தாதி) படிவத்தோடு வந்து, “கவனிப்பு எப்படி, திருப்தியா?” என்று கேட்டார். “எல்லாம் நல்லம், பரவாயில்ல மிஸ்” என்றார் அம்மா. பஸ் ஏறியதும் சொல்லத் தொடங்கினார்: இரவில் தூக்கமே இல்லை, கழிவறைக்குக் கூட்டிப்போக ஆளில்லை, எந்த மாத்திரை எதற்கென்று தெரியாது. இப்படிக் கேட்டு எழுதுவதால் என்ன பயன்? — வாசகி, நோர்வூட்

ப: அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கேட்டவர் சீருடையில் நின்றார். மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் இதே இடத்துக் கிளினிக்குக்குத்தான் வர வேண்டும். இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் “நல்லம்” என்றுதான் வரும். பராமரித்தவரே கட்டிலருகே நின்று கேட்டால் மதிப்பெண் ஏறும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்த விஷயம். அதனால் ஒழுங்கான ஆய்வில் மூன்று காரியங்களை மாற்றுவார்கள்: கேட்கும் ஆள், கேட்கும் நேரம், கேள்வி.

கேட்பவர் அந்த வார்டில் வேலை செய்பவராக இருக்கக்கூடாது, சீருடையிலும் வரக்கூடாது. நேரத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்குப் போன பிறகு கேட்பதே நல்லது. அமெரிக்காவில் 2006 முதல் நடக்கும் ‘ஹெச்-கேப்ஸ்’ என்ற நோயாளர் அனுபவக் கணிப்பில், நோயாளர் வெளியேறி 48 மணித்தியாலம் கழிந்த பிறகு, ஆறு கிழமைக்குள் தொடர்புகொள்வார்கள். எங்கள் பக்கத்தில் தொலைபேசியிலோ, தோட்டத்துக்கே போயோ கேட்கலாம்.

கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். “திருப்தியா?” என்பது அபிப்பிராயம் கேட்கும் கேள்வி. அதற்கு மரியாதைதான் பதிலாக வரும். “தாதியர் உங்களுக்கு விளங்கும்படி எவ்வளவு அடிக்கடி விளக்கினார்கள்? ஒருபோதும் இல்லை, சில வேளை, பெரும்பாலும், எப்போதும்” என்று கேட்டால் நடந்ததைச் சொல்ல வேண்டி வருகிறது. “இரவில் கழிவறைக்குப் போக உதவி கேட்டீர்களா? கேட்டு எவ்வளவு நேரத்தில் ஆள் வந்தது?” என்று கேட்டால் இன்னும் நல்லது. 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய பிக்கர் நிறுவனம் இந்த வழியை வளர்த்தது. மதிப்பெண் கேட்பதை விட்டு நடந்ததைக் கேள் என்பதே அதன் சாரம்.

அம்மா பஸ்ஸில் சொன்ன மூன்றும் தாதியர் ஆய்வில் பெரிய தலைப்புகள். கழிவறை விஷயத்தை மட்டும் எடுப்போம். முடியாத ஒருவர் ஆளில்லாமல் தானே எழும்பிப் போகும்போதுதான் விழுகிறார். அமெரிக்காவில் 14 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், தாதியர் மணிக்கொரு தடவை கட்டில் கட்டிலாகப் போய் வலி இருக்கிறதா, கழிவறைக்குப் போக வேண்டுமா, படுத்திருப்பது வசதியா, தண்ணீரும் சாமானும் கைக்கு எட்டுகிறதா என்று கேட்டார்கள். மணி அடித்துக் கூப்பிடுவது குறைந்தது, விழுவதும் குறைந்தது. எங்கள் பல வார்டுகளில் கூப்பிட மணியே கிடையாது. ஆள் கேட்டு வருவதன் அவசியம் இங்கே இன்னும் அதிகம்.

அடுத்த முறை அம்மாவிடம் யாராவது கேட்டால், “நல்லம்” என்பதோடு ஒரேயொரு சம்பவத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்: என்ன கிழமை, எத்தனை மணி, என்ன கேட்டார், என்ன நடந்தது. “யாரும் கவனிக்கல்ல” என்பதை வைத்து எதையும் மாற்ற முடியாது. “செவ்வாய்க்கிழமை ராவு ரெண்டு மணிக்குக் கூப்பிட்டேன், விடியுற வரைக்கும் ஆள் வரல்ல” என்றால் அன்றைய இரவு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று பார்க்கலாம்.

கே: சீனி (நீரிழிவு) கிளினிக்குக்கு இரண்டு தடவை போகவில்லை. “அக்கறை இல்லாத ஆள்” என்று ஏசினார்கள். போனால் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகிறது. இதையெல்லாம் யாராவது ஆய்வு செய்வார்களா? — தோட்டத் தொழிலாளி, தலவாக்கலை

ப: செய்ய வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது. “ஏன் வரவில்லை?” என்று கேட்டால் மன்னிப்புத்தான் பதிலாக வரும். “கடைசியாகக் கிளினிக்குக்குப் போன நாளை, எழும்பியதிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டு மணிவாரியாக எழுத வேண்டும். அப்படி எழுதினால் கிட்டத்தட்ட இப்படி வரும்: நாலு மணிக்கு எழும்புதல், லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி ஐந்தரை பஸ், ஏழு மணிக்கு நம்பர், ஒன்பதரைக்கு இரத்தம், பன்னிரண்டரைக்கு டாக்டர், இரண்டு மணிக்கு மருந்து, நாலரைக்கு வீடு. பேரும் போய், பஸ் காசும் போய், பிள்ளையைப் பார்க்க இன்னொருவரையும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்த எழுத்தில்தான் கிளினிக்காரர் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் வெளியே வரும். “வெறும் வயிற்றோடு வா” என்று மட்டும் சொன்னால், பயந்து முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுவார் ஒருவர். ஒன்பதரைக்கு இரத்தம் கொடுக்கும்போது பதினைந்தரை மணித்தியாலம் பட்டினி. சோதனைக்கு வேண்டியது குறைந்தது எட்டு மணித்தியாலம்தான். இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சாப்பிட்டாலும் போதும், தண்ணீர் குடிக்கலாம். இதில் வழக்கம்போல விடியற்காலையில் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், நடுவழியில் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். சீனி 70க்குக் கீழே இறங்கியிருக்கும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பார்த்து, நடுக்கமும் தலைசுற்றும் குறையாவிட்டால் திரும்பவும் குடிக்க வேண்டும். கிளினிக் நாள் காலை ஊசியையும் மாத்திரையையும் எப்போது எடுப்பது என்று முந்தின கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஊசிக்கு ஊசி அது மாறும். மூன்று மாதச் சீனியைக் காட்டும் ‘எச்.பி.ஏ.1.சி’ சோதனைக்குப் பட்டினியே தேவையில்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கேட்டதை மாற்றமாக்கும் முறைக்கு ‘அனுபவ வழிக் கூட்டு வடிவமைப்பு’ என்று சொல்லலாம். இங்கிலாந்தில் போல் பேட், கிளென் ராபர்ட் என்ற ஆய்வாளர்கள் லூட்டன் நகர ஆஸ்பத்திரியில் தலை, கழுத்துப் புற்றுநோயாளரோடு 2005–06இல் இதை முதலில் செய்தார்கள். முதலில் நோயாளர் பேசுவதைப் படம் பிடிப்பார்கள். அவர்கள் மனம் நொந்த, மனம் ஆறிய தருணங்களை மட்டும் எடுத்து அரை மணிப் படமாக்குவார்கள். ஊழியரிடம் தனியே அவர்கள் கஷ்டத்தைக் கேட்பார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே அறையில் அமர்ந்து படத்தைப் பார்த்து, மாற்ற வேண்டியதில் மூன்று நாலைத் தெரிவு செய்து, கலந்த சிறு குழுக்களாகப் பிரிந்து வேலையைத் தொடங்குவார்கள். தலவாக்கலையில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் என்ன மேலே வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை: இரத்தத்தைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே எடுக்கலாமா, சீனி நிலையாக உள்ளவருக்கு இரண்டு மாத மருந்து கொடுக்கலாமா, கிளினிக் நாளை வேலை இல்லாத நாளில் வைக்கலாமா. கடைசிக் கேள்விக்குத் தோட்ட நிர்வாகமும் மேசையில் இருக்க வேண்டும். அவர்களைக் கூப்பிடாமல் செய்யும் ஆய்வு பாதியில் நிற்கும்.

கே: நான் தாதிய மாணவி. பிரசவமான தோட்டத் தாய்மாரின் அனுபவம் பற்றிச் சிறிய ஆய்வு செய்யப் போகிறேன். எத்தனை பேரிடம் பேச வேண்டும்? எங்கே பிழைக்கும்? — மஸ்கெலியா

ப: முதலில் அனுமதி. உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு கையெழுத்திடும் வரை ஒருவரிடமும் கேட்கத் தொடங்காதீர்கள். பின்னால் வாங்கும் அனுமதி செல்லாது.

எண்ணிக்கைக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. கெஸ்ட் என்பவரும் கூட்டாளிகளும் மேற்கு ஆபிரிக்கப் பெண்களின் 60 நேர்காணல்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். முக்கியமான விஷயங்கள் பெரும்பாலும் முதல் பன்னிரண்டிலேயே வந்துவிட்டன. ஆகவே 12 முதல் 15 பேர் என்று திட்டமிடுங்கள், ஆனால் எண்ணிக்கை நிரம்பியது என்று நிறுத்தாதீர்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நேர்காணலில் புதிதாக ஒன்றும் வராதபோது நிறுத்துங்கள். எல்லோரும் ஒரே டிவிஷனைச் சேர்ந்தவர்களாக இருந்தால் ஒரே கதைதான் வரும். ரோட்டோரத் தோட்டத்திலும், வாகனம் போகாத மேல் டிவிஷனிலும் ஆள் எடுங்கள். தலைப்பிள்ளைத் தாயும் மூன்றாம் பிள்ளைத் தாயும் இருக்கட்டும்.

கேள்விகள் ஆறு முதல் எட்டு போதும். முதற் கேள்வி அகலமாக இருக்கட்டும்: “வலி தொடங்கின நேரத்திலிருந்து சொல்லுங்க அக்கா.” பிறகு “அப்புறம்?”, “அந்த நேரம் பக்கத்தில் யார் இருந்தாங்க?” அவ்வளவுதான். “மிஸ்மார் ஏசினாங்களா?” என்று கேட்டால் பதிலை நீங்களே வாயில் வைத்துவிட்டீர்கள். அவர் பேசி நிறுத்தினால் ஐந்து வினாடி பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு வருவதுதான் நீங்கள் தேடிப்போனது.

இடமும் நேரமும் பெரும்பாலான ஆய்வைக் கெடுக்கும். லயத்து வாசலில் உட்கார்ந்தால் மாமியாரும் பக்கத்துக் காம்பராவும் சேர்ந்து பதில் சொல்வார்கள். பிள்ளை மடுவத்தின் (தோட்டப் பிள்ளைக் காப்பகத்தின்) பின்னறையோ, கோயில் மண்டபமோ கேட்டு வாங்குங்கள். பின்னேரக் கொழுந்தை எடை போட்ட பிறகு போங்கள், அடுப்பு மூட்டும் நேரத்துக்கு முன் முடியுங்கள். தோட்டத்து அதிகாரி யாரையும் ஆள் தெரிவு செய்ய விடாதீர்கள். நல்லபடியாகப் பேசுவார் என்று அவர் நினைப்பவரைத்தான் அனுப்புவார். குழுவாகப் பேச வைப்பதென்றால் ஆறு முதல் எட்டுப் பேர். பிரசவம் பற்றிய பேச்சில் ஆண்களைச் சேர்க்க வேண்டாம். பிள்ளை இறந்த தாய் ஒருவரும் குழுவில் உட்காரக்கூடாது, அவரோடு தனியே பேச வேண்டும். அழுதால் ஒலிப்பதிவை நிறுத்தி, தொடரலாமா என்று கேட்டு, அவர் தலையசைத்தால் மட்டும் தொடருங்கள்.

வாசிக்கத் தெரியாதவருக்குத் தகவல் தாளை முழுதாக வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னால் பெருவிரல் அடையாளம் வாங்குங்கள். வாங்குமுன் “நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். சொல்ல முடியாவிட்டால் உங்கள் விளக்கம் போதவில்லை என்று அர்த்தம். திரும்ப விளக்குங்கள்.

ஒரு மணிப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் போகும், அதைத் திட்டத்தில் போடுங்கள். பேசியதைப் பேசியபடியே தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே வரிவரியாகக் குறியிடுங்கள் (ஒவ்வொரு வரியும் எதைப் பற்றியது என்று சிறு பெயர் இடுங்கள்). அறிக்கைக்கு வேண்டிய மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு தாய்மாரும் ஒரே குரலில் பேசுவார்கள். பிரவுன், கிளார்க் இருவரும் 2006இல் சொன்ன ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வு உங்கள் அளவுக்குப் பொருந்தும்: திரும்பத் திரும்ப வாசித்தல், குறியிடல், கருப்பொருள் தேடல், அதைத் தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல், பெயரிடல், எழுதுதல். அவசரத்தில் மாணவர் விடுவது நாலாவதை. ‘மொழிப் பிரச்சினை’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, அதற்குள் பாதி சம்பவம் மொழியைப் பற்றியதே இல்லை என்று கண்டால், தலைப்பைத்தான் உடைக்க வேண்டும்.

கே: ஒப்பரேசன் செய்த அம்மாவிடம் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். அவருக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. “சும்மா இருக்காரே” என்று ஊசியும் போடவில்லை. — கொட்டகலை

ப: மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்கத் தாதி 1968இலேயே எழுதினார்: அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, அவர் இருக்கிறது என்கிறபோது அது இருக்கிறது. நோயாளரின் சொல்லை அளவுகோலாக்கியது அந்த வரி. 0 முதல் 10 வரை எண்ணைக் கேட்பது அதற்கான ஒரு கருவி மட்டுமே. எண் பிடிபடாதவருக்குச் சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை உண்டு. சிறுவருக்காக வந்தாலும் பெரியவருக்கும் காட்டலாம். அதுவும் இல்லையென்றால் “இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை” என்ற நாலு சொல் போதும்.

மகளாக நீங்கள் செய்யக்கூடியது, வலி எதைத் தடுக்கிறது என்று சொல்வது. “இருமப் போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார், பக்கம் திரும்ப முடியவில்லை, மத்தியானம் சோறு தொடவில்லை.” வயிற்று ஒப்பரேசனுக்குப் பிறகு இருமாதவருக்குச் சளி தங்கி நெஞ்சில் கிருமி பிடிக்கும் என்பது தாதியருக்குத் தெரியும். அதனால் இந்தத் தகவல் எண்ணைவிட வேகமாக வேலை செய்யும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். பேசாமல் கிடக்கிறார் என்பதற்காக வலியில்லை என்று எழுதக்கூடாது.

கே: அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐ.சி.யூ.) இருக்கிறார். பத்து நிமிடம் பார்க்க விடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று யாருமே யோசிப்பதில்லையா? — பண்டாரவளை

ப: 1979இல் நான்சி மோல்டர் என்ற தாதி, கவலைக்கிடமான நோயாளரின் உறவினர் 40 பேரிடம் 45 தேவைகளைக் காட்டி எது முக்கியம் என்று கேட்டார். முதலில் வந்தது நம்பிக்கை வேண்டும் என்பது. உண்மையான பதில், நிலைமை மாறினால் வீட்டுக்கு அறிவித்தல், ஊழியர் நோயாளர் மேல் அக்கறை காட்டுகிறார்கள் என்ற உணர்வு ஆகியனவும் முன்னுக்கு நின்றன. தங்கள் சொந்த வசதிகளை உறவினர் பின்னுக்குத் தள்ளினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், தகவல் எங்கும் முன்வரிசையில் வந்தது. பிரான்சில் 570 உறவினரோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வீட்டில் இதயம் நின்றவரைக் காப்பாற்ற முயலும்போது கூடவே நிற்க அழைக்கப்பட்ட குடும்பத்தாருக்கு மூன்று மாதம் கழித்து மனவடு குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் தாதியரும் குடும்பமும் சேர்ந்து அன்றாடம் எழுதும் ‘ஐ.சி.யூ. நாட்குறிப்பு’ப் பற்றிய ஆய்வு 2010இல் வந்தது. குணமான பின் அதை வாசித்தவர்களில் புதிதாக மனவடு நோய் வந்தவர் நூற்றுக்கு 13இலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள்.

இப்போதைக்கு: வீட்டில் ஒருவரை மட்டும் பேச வையுங்கள், அவர் தொலைபேசி இலக்கத்தை வார்டில் கொடுங்கள், தினமும் எந்த நேரம் விசாரிக்கலாம் என்று பொறுப்புத் தாதியிடம் கேட்டு அந்த நேரம் மட்டும் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: நேற்றைவிட இன்று எப்படி, இன்று என்ன செய்யப் போகிறீர்கள், எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். பதிலை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். மொழி தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, கேட்பதில் தயக்கம் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். கெட்ட செய்தியைப் பிள்ளை பாதியாக்கித்தான் சொல்லும், அந்தப் பாரத்தையும் அது சுமக்கக்கூடாது.

கே: பிள்ளைக்கு முடியாமல் போகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். “சும்மா பயப்படாதீங்க” என்றார்கள். விடியும்போது மோசமாகிவிட்டது. தாய் சொல்வதற்கு ஆய்வில் மதிப்பு உண்டா? — தாய், வெலிமடை

ப: உண்டு. உங்களைப்போன்ற தாய்மாரின் சொல்லால்தான் சில நாடுகளில் விதியே மாறியது. அமெரிக்காவில் 2001இல் ஜோசி கிங் என்ற ஒன்றரை வயதுப் பிள்ளை தாகத்தால் தவிப்பதைத் தாய் திரும்பத் திரும்பச் சொல்லியும் எடுபடவில்லை, பிள்ளை இறந்தது. 2005இல் பிட்ஸ்பர்க் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் குடும்பமே நேரடியாக அவசரக் குழுவைக் கூப்பிடும் முறை தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013இலும், இங்கிலாந்தில் 2024இலும் இதே உரிமை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் இப்படி ஒரு முறை வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அது வரும்வரை, கவனிக்க வைக்கும் விதமாகச் சொல்லுங்கள். “ஒரு மாதிரி இருக்கு” என்பதோடு எண்ணையும் சொல்லுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது நெஞ்சு எத்தனை தடவை ஏறுகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60ம், ஒரு வயதுக்குள் 50ம், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40ம் எல்லை; எண்ணிக்கை அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு. கடைசியாக எப்போது சிறுநீர் போனது, பால் குடிக்கிறதா, எழுப்பினால் முகம் பார்க்கிறதா என்று சொல்லுங்கள். “நேற்று இந்த நேரம் இப்படி இல்லை” என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள். வந்துபோகும் ஊழியருக்கு நேற்றைய பிள்ளையைத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எடுபடாவிட்டால் வார்ட் சிஸ்டரை, அடுத்து வார்ட் டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் என்றால் 1990 அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை.

கே: ஆய்வு என்று வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாமா? மருந்தை நிறுத்திவிடுவார்களா? — பூண்டுலோயா

ப: தாராளமாகச் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பாதியில் எழும்பியும் போகலாம். மருந்தும் கிளினிக்கும் அப்படியே இருக்கும், அதைத் தகவல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக இலக்கம் போடுவார்கள். ஒலிப்பதிவை யார் கேட்பார், எப்போது அழிப்பார் என்று கேளுங்கள். ஆனால் சிறிய தோட்டத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. “இரட்டைப் பிள்ளை பெற்ற கங்காணி மனைவி” என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரியும். அப்படியான அடையாளங்களையும் மாற்றும்படி கேட்டு, சம்மதித்தால் மட்டும் பேசுங்கள்.